ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா, டீச்சர்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்கால டீயோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் திட்டுவதானால் திட்டுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். பெண் என்று எனக்குத்தான் சொல்ல வருகிறது. அவள் மகளுக்கே இப்போது வரன் பார்க்கிறார்கள். பையன் வீட்டில் எல்லாம் பிடித்துப்போய்ப் பூ வைக்க நாள் பார்க்கும் நேரம். பெண்ணின் சித்தப்பா பத்து வருஷமாக மனநல டாக்டரிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார் என்று யாரோ போய் ஓதிவிட்டார்கள். பையனின் தாய்மாமன் விவரமானவராம். அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

"பொண்ணுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க, அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தா பூ வைக்கலாம்னு சொல்றாங்க டீச்சர். அப்படி ஒரு டெஸ்ட் இருக்கா? சென்னைல எடுப்பாங்களா?"

அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். அவளுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி இன்னும் பல வீட்டில் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் நேரான பதில். ஒருவருக்கு மனச்சோர்வு நோயோ, பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறோ வரும், வராது என்று உறுதியாகச் சொல்லும் ஜீன் டெஸ்ட் உலகத்தில் எங்கும் கிடையாது. யாராவது காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு தாளைக் கொடுத்தால், கிளி ஜோசியக்காரர் எடுத்துக் கொடுக்கும் சீட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனாலும் இந்த விஷயத்தை எட்டு வருஷமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஏன் படிக்க வேண்டி வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பரம்பரையாக வருமா என்று கேட்டால், வரும் என்பதுதான் உண்மை. அதை மழுப்ப வேண்டாம். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு பைபோலார் வருகிறது என்றால், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. பயமாக இருக்கிறதா? அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தொண்ணூறு பேருக்கு மேல் வருவதில்லை. சித்தப்பா, தாய்மாமன் என்று உறவு ஒரு படி தள்ளிப்போனால் இந்த எண்ணும் குறைகிறது.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு ஜீன் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றுதான். அவர்களில் ஒருவருக்கு பைபோலார் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு 40 முதல் 70 வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. நூற்றுக்கு நூறு ஏன் இல்லை? ஜீன் மட்டுமே காரணமாக இருந்தால் நூறு வந்திருக்க வேண்டும். மனச்சோர்வு நோயில் பரம்பரையின் பங்கு இன்னும் குறைவு. இரட்டையர் ஆய்வுகளின்படி மக்களுக்குள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 37 சதவீதம்தான் ஜீனைச் சேர்ந்தது. இதை "எனக்கு நோய் வர 37 சதவீதம் வாய்ப்பு" என்று படிக்கக் கூடாது. ஊரில் பலருக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்கான கணக்கு அது. தனி ஒருவரின் ஜாதகம் இல்லை.

அந்தத் தாய்மாமன் நினைப்பதுபோல "அந்த ஒரு ஜீன்" இருக்கிறதா என்று விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் தேடினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் ஆமிஷ் என்ற சமூகத்தார் தங்களுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு தனியாக வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து, 11-ஆம் குரோமோசோமில் இந்த நோய்க்கான ஜீன் இருக்கிறது என்று 1987-இல் அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. இரண்டே வருஷம். அந்தக் குடும்பத்தில் நோய் இல்லை என்று எழுதப்பட்டிருந்த சிலருக்குப் பிறகு நோய் வந்தது, கூடுதல் உறவினர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள், 1989-இல் முடிவு கலைந்துபோனது.

இன்றைய நிலை என்ன? 2025-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. மனச்சோர்வு நோய் உள்ள ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஜீன் விவரங்களை 29 நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்ததில், தொடர்புள்ள சின்னச் சின்ன மாற்றங்கள் ஏறக்குறைய 700 கிடைத்தன. பைபோலாருக்கு 298 இடங்கள். ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது கடுகளவு. இந்த நூற்றுக்கணக்கான மாற்றங்களில் சில எல்லார் உடம்பிலும் இருக்கின்றன. உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு, டெஸ்ட் கேட்ட தாய்மாமனிடமும் உண்டு.

சரி, 700 கடுகையும் எண்ணிக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிச்சயம் கேட்பீர்கள். கூட்டிப் பார்க்கிறார்கள்தான். ஆனால் அந்தக் கூட்டுத்தொகை பெரிய கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிறதே தவிர, ஒரு தனி ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது. இதுவரை சேர்த்த விவரங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாருடையவை. நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. அதனால்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை அங்குள்ள ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து, ஒரே வீட்டில் பலருக்கு மனநோய் உள்ள நம் நாட்டுக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பார்த்துவருகிறது. அவர்களின் ரத்த அணுக்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் நரம்பணுக்களை வளர்த்து, நோய் வந்தவருக்கும் வராத கூடப்பிறந்தவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜீன்கள் எப்போதும் தனித்தனியே வேலை செய்வதில்லை. இதை ஒரு கோழிக் கணக்கில் சொல்கிறேன்.

1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேட்சன், புன்னெட் என்று இரண்டு பேர் கோழிக் கொண்டையை ஆராய்ந்தார்கள். ஒரு வகைக்குக் கொண்டை தட்டையாக, பின்னால் முனை நீண்டிருக்கும். அதற்கு ரோஸ் கொண்டை என்று பெயர். இன்னொரு வகைக்குத் தாழ்வாக, மூன்று வரிசையாக இருக்கும், பீ கொண்டை. கலப்பில்லாத இந்த இரண்டையும் சேர்த்தால் குஞ்சுக்கு எந்தக் கொண்டை வரும்? அப்பன் கொண்டையா, அம்மா கொண்டையா? இரண்டும் இல்லை. வால்நட் பருப்பு மாதிரி உருண்டையான மூன்றாவது வகைக் கொண்டை வந்தது. அந்தக் குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள் சேர்த்தால், 16-க்கு 9 வால்நட், 3 ரோஸ், 3 பீ. மீதி ஒன்றுக்கு நம் வீட்டுச் சேவலுக்கு இருக்கிற சாதாரண ஒற்றைக் கொண்டை! பெற்ற கோழிக்கும் இல்லை, பாட்டிக் கோழிக்கும் இல்லை. இரண்டு ஜீன்கள் கைகோத்து ஆடும் ஆட்டம் இது.

இரண்டே ஜீனுக்கு இப்படி என்றால் நூற்றுக்கணக்கான ஜீன்களை யோசித்துப் பாருங்கள். அப்பா வழியில் வந்தது, அம்மா வழியில் வந்தது எல்லாம் ஒரு பிள்ளையிடம் புதிதாகக் கலைத்துப் போடப்படுகின்றன. ஒன்று இன்னொன்றைத் தூக்கிவிடலாம், அமுக்கியும் விடலாம். மனநிலை விஷயத்தில் எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கோழிக் கொண்டை மாதிரி எழுதிவைத்த வாய்ப்பாடு இன்று கிடையாது. அவசரப்பட்டு எழுதியவர்கள் அழிக்க வேண்டி வந்திருக்கிறது. 2003-இல் நியூசிலாந்தின் டுனீடின் நகரில், செரட்டோனின் சம்பந்தமான ஒரு ஜீனின் ஒரு வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் மனச்சோர்வில் விழுவது அதிகம் என்று ஓர் ஆய்வு வந்தது. அது மிகவும் புகழ்பெற்ற ஆய்வு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 2009-இல் அது ஆட்டம் கண்டது. 2019-இல் லட்சக்கணக்கானவர்களின் விவரத்தோடு, அதையும் சேர்த்து மொத்தம் 18 புகழ்பெற்ற ஜீன்களைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த வேறு ஜீன்களைவிட அவை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை.

அதனால் வாழ்க்கை அடிக்கு இதில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. அதை நம் கிள்ளைக்காரர்களுக்குப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு உயிருக்கு மேல் போனது. எம்.ஜி.ஆர். திட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏன் ஓர் ஊர் அழிந்தது, ஓர் ஊர் தப்பியது? கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் மேடா பள்ளமா, நடுவில் சுரபுன்னைக் காடு இருந்ததா, எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. பிச்சாவரம் காடுதான் காப்பாற்றியது என்று சொன்னவர்கள் உண்டு. தூரமும் மேடும்தான் பெரிய பங்கு, காட்டின் பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம் என்று மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. காரணங்கள் பின்னிக் கிடந்தால் இது மட்டும்தான் என்று விரலை நீட்ட முடியாது.

அலை ஓய்ந்த பிறகு வகுப்பில் பார்த்ததையும் மறக்கவில்லை. ஒரே அலை, ஒரே மாதிரி இழப்பு. ஒரு பிள்ளை இரண்டு மாதத்தில் பழையபடி ஓடி விளையாடியது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பிள்ளை வருஷக்கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதை மனத்தைரியம் இல்லாத பிள்ளை என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன்.

இனி என் கதை. என் மகளும் மருமகனும் படித்துப் பார்த்துச் "சரி, போடும்மா" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். இருபத்திரண்டு வயதில் அவருக்குத் தொடங்கியது. ஒரு மாதம் தூக்கமே இருக்காது. நடுராத்திரியில் வீட்டைக் கழுவுவார், பத்துத் தொழில் தொடங்கத் திட்டம் போடுவார், வீட்டுப் பசுவை வந்த விலைக்கு விற்றுவிட்டு வந்தார். அப்புறம் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அப்பா போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. ஊரில் கேட்டால் "வடக்கே வேலைக்குப் போயிருக்கான்" என்போம். என் கல்யாணத்தன்று அவரைப் பெரியம்மா வீட்டில் விட்டுவைத்தார்கள். தங்கை கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான் ஒரு நல்ல டாக்டர் கிடைத்து லித்தியம் மாத்திரை கொடுத்தார். அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. அதன் பிறகு அவர் வேலைக்குப் போனார், கல்யாணம் செய்துகொண்டார், நன்றாகவே வாழ்ந்து முடித்தார்.

இது என் மாமியார் வீட்டுக்குத் தெரியாது. என் மகளைக் கொடுத்த இடத்துக்கும் சொல்லவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் மகள் தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கவில்லை. காரணமில்லாமல் அழுதாள். "நான் நல்ல அம்மா இல்லம்மா" என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போனோம். மருமகனும் சம்பந்தியம்மாவும் கூடவே வந்தார்கள். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது மனநிலை சம்பந்தமா பிரச்சினை இருந்திருக்கா? யாராவது ரொம்ப நாள் தூக்கமில்லாம, அதிகமா பேசி, அதிகமா செலவு பண்ணி?"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க வீட்ல அப்படி யாருமே இல்லீங்க" என்றேன்.

பொய் சொன்னால் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்த டீச்சர்தான் நான்.

மனச்சோர்வுக்கான மாத்திரை கொடுத்தார். தப்பான மருந்து இல்லை. கோடிப் பேருக்கு நல்லது செய்கிற மருந்து. ஆனால் பைபோலார் தன்மை உள்ளே இருக்கிற சிலருக்கு, அதைத் தனியாகக் கொடுத்தால் மனசை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும். அதற்குத்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மகள் பீரோவில் இருந்த துணியெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். பேச்சு நிற்கவில்லை. கண்ணைப் பார்த்தேன். என் அண்ணன் கண்.

விடிந்ததும் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இத முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேம்மா" என்று மட்டும் சொன்னார். உங்கள் அண்ணனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மகள் தேறி எழ நான்கு மாதம் ஆனது. குழந்தையின் முதல் நான்கு மாதம். அதை நான் திருப்பித் தர முடியாது.

மருமகன் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "அத்தை, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. சொன்னா நான் என்ன ஓடியா போயிடுவேன்?" ஓடிவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாவது பிரசவத்தில் முதல் மாதத்திலிருந்தே டாக்டரிடம் எல்லாம் சொல்லி, ராத்திரியில் அவள் தூங்குவதற்கு முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம். ஒரு குறையும் வரவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்ற செய்தி வரன் பார்க்கிற இடத்தில் ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவாது. அதே செய்தி டாக்டர் மேசையில் மிகப் பெரிய உதவி. நாமோ அதைத் தலைகீழாகச் செய்கிறோம். வரன் பேசும் இடத்தில் அதை அரிவாளாக வீசுகிறோம். அதற்குப் பயந்து டாக்டரிடமும் மறைக்கிறோம்.

சுகரைப் பாருங்கள். "எங்க அப்பாவுக்கு சுகர், எனக்கும் வரும், பாதி சர்க்கரை போடு" என்று கல்யாணப் பந்தியிலேயே சத்தமாகச் சொல்கிறோம். அதுவும் பரம்பரையும் வாழ்க்கை முறையும் சேர்ந்து வருவதுதான். தெரிந்திருப்பதால் சீக்கிரம் சோதித்துக்கொள்கிறோம். மனநிலைக் கோளாறுக்கு மட்டும் ஏன் வாயில் பூட்டு?

என் தங்கை ஒருத்தி இதைப் படித்துவிட்டுப் போன் செய்வாள், எனக்குத் தெரியும். "நீ எழுதிட்டுப் போயிடுவ, நம்ம பொண்ணுங்களுக்கு யாரு கல்யாணம் பண்ணி வைப்பா?" அவள் பயம் நியாயம். அந்தப் பயம்தான் என்னையும் பொய் சொல்லவைத்தது. நான் வாசலில் பலகை மாட்டச் சொல்லவில்லை. டாக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு நிச்சயத்துக்கு முன் சொல்லுங்கள். ஊருக்கும் தரகருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தந்திருக்கிறது.

பையன் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் நம் தமிழ்நாடும் இருந்தது. இந்தியாவில் பெரியவர்கள் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது என்று அதில் கண்டார்கள். நாற்பது பேர் உட்காரும் என் வகுப்புக்கு இரண்டு பேர். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று எண்ணினால் யார் வீட்டில் இல்லை? உங்கள் வீட்டில் இல்லை என்றால், சொல்லாமல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா ஒழுங்காக மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போகிற வீடு, ஒருவருக்கு நோய் வந்தால் கைவிடாத வீடு. பெண் எடுக்க அதைவிட நல்ல இடம் எது?

போன் செய்த என் பிள்ளைக்கு: டெஸ்டுக்குக் காசைக் கரியாக்காதே. பையனையும் அவன் அப்பா அம்மாவையும் வீட்டுக்குக் கூப்பிடு. சித்தப்பாவை ஒளித்துவைக்காதே, அவரையே காபி கொண்டுவந்து கொடுக்கச் சொல்லு. பேசட்டும், பழகட்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் போகட்டும். நாளைக்கு உன் மகள் பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடக்கிற நேரத்தில் கைவிடுகிற வீடு, இன்றைக்கே அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்.

எல்லோருக்கும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் துக்கமோ, தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாமையோ விடாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகம் என்றால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். இதைப் படித்துவிட்டுச் சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் விட்டுப்போன விவரத்தைப் போய்ச் சொல்லுங்கள், அது போதும்.

கல்யாணத்துக்குக் கூட்டிவராமல் விட்டுவைத்த என் அண்ணனுக்கு இந்தப் பதிவு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கிள்ளை.